தோட்டம் யாருக்கு?

செடி வளர்ப்பு பற்றிய நிகழ்ச்சி ஒன்றுக்காகச் சீறி எழுவோர் உண்டா? உண்டு, பிரிட்டன் நாட்டிலே! அரசியலுக்காக அடித்துக்கொள்வர், ஆட்டக்களத்துக்காக அடித்துக்கொள்வர், அறிவோம். அவரைக்கொடிக்குக் கொம்பு நடுவதை எப்படிக் காட்டுவது என்பதற்காகவும் ஆத்திரம் கொள்வரா? கொள்கின்றனர்! பி.பி.சி. நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசையில், வெள்ளிக்கிழமை மாலைகளில் மக்கள் காணும் ‘கார்டனர்ஸ் வேர்ல்டு’ எனும் தோட்டக்கலை நிகழ்ச்சி, 1968 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கிற்று. அன்று தொட்டு அதனைப் பார்ப்போர் எழுதியும் பேசியும் வந்துள்ள கருத்துகளைக் கூர்ந்து நோக்கினால், ஒரு நாட்டு மக்கள் தம் கொல்லைப்புறத்தைச் சாக்காக வைத்துத் தம் சமுதாயத்தையே அளந்து பார்த்திருப்பது புலனாகிறது.

‘எங்கோ கிடக்கும் வெள்ளையன் வீட்டுத் தோட்டம் நமக்கெதற்கு, தம்பி?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. 2025 ஏப்ரலில் அத்தொகை 174 பவுன் 50 பென்சு. சில விலக்குகள் நீங்கலாக, மாளிகைவாசிக்கும் அதே தொகை, மாடிக்குடியிருப்பின் ஒற்றை அறையில் வாழ்பவருக்கும் அதே தொகை. அப்படி ஊர்ப்பணத்தில் நடக்கும் நிகழ்ச்சி, யாருடைய நிலத்தை மனத்திற்கொண்டு பேச வேண்டும்? இரண்டு ஏக்கர் உடையாரையா, இரண்டு தொட்டி உடையாரையா? கற்றுக்கொடுப்பது அதன் கடமையா, களிப்பூட்டுவது கடமையா? பார்வையாளர் பூசலெல்லாம், கிளறிப் பார்த்தால், இக்கேள்விகளில்தான் வேர் கொண்டிருக்கின்றன. பொதுப்பணத்தில் கலை வளர்க்கும் எந்த நாட்டுக்கும் இக்கேள்விகள் அயலாருடையவை அல்ல.

கதை 1968 க்கு முன்பே தொடங்குகிறது. 1930 களில் மிடில்டன் என்பார் வானொலியில் தோட்டக்கலை பேசினார். அண்டை வீட்டுக்காரர் வேலி மேல் கைபோட்டுப் பேசுவது போன்ற பேச்சு. 1936 இல் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியபோது, அங்கேயே ஒரு பாத்தி போட்டு அவரை நிறுத்தினர். பின்னர் போர் வந்தது, தொலைக்காட்சி நின்றது. கப்பலில் வரும் உணவு குறைந்தது. புல்தரையைக் கொத்தி உருளைக்கிழங்கு போடுங்கள் என்று அரசு முழங்கிற்று. அம்முழக்கத்தை எப்படிச் செயலாக்குவது என்று சொல்லிக் கொடுத்தவர்களுள் மிடில்டன் முன்னின்றார். அன்றைக்கு அவர் சொல் வயிற்றுக்கான சொல். தவறாகச் சொன்னால் ஒரு குடும்பத்தின் குளிர்கால உணவு போய்விடும். தோட்டக்கலை ஒலிபரப்புக்குப் பிரிட்டனில் இருக்கும் மதிப்பின் அடித்தளம் அங்கே விழுந்தது. அந்த அடித்தளத்தை மறந்து இக்கால ஓவியத்தை மட்டும் பார்ப்பவர்க்கு, முதியவர்கள் ஏன் இவ்வளவு கோபமாகக் கடிதம் எழுதுகின்றனர் என்பது விளங்காது.

1955 இல் ‘கார்டனிங் கிளப்’ வந்தது. நடத்தியவர் பெர்சி த்ரோவர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். பதினான்காம் வயதிலேயே மண்வெட்டி பிடித்தவர். விண்ட்சர் அரண்மனைத் தோட்டத்தில் வேலையாளாயிருந்து, சுரூசுபரி நகரப் பூங்காக்களின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். கழுத்துப்பட்டை கட்டி, வாயில் புகைக்குழாயுடன் தோன்றி, மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்குவார். அலங்காரம் இல்லை, இசை இல்லை. இன்னது நடுங்கள், இவ்வளவு ஆழத்தில் நடுங்கள், இந்த வாரத்தில் நடுங்கள், அவ்வளவே. பழைய பார்வையாளர் பலர் இன்றளவும் ‘அந்தக் காலம்’ என்று ஏங்குவது அவரை எண்ணித்தான்.

ஏக்கத்தைப் புரிந்துகொள்ளலாம், அப்படியே விழுங்க வேண்டியதில்லை. த்ரோவர் காலத்து அறிவுரையில் நஞ்சு நிறைய இருந்தது. பூச்சியா? மருந்தடி! களையா? மருந்தடி! அக்காலத்து அறிவு அப்படி என்று சொல்லி அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாததாக நிறுவனம் கருதியது வேறொன்று. 1970 களின் நடுவில் அவர் ஐ.சி.ஐ. எனும் பெரிய இரசாயன நிறுவனத்தின் தோட்டப் பொருள்களுக்கு விளம்பரத்தில் தோன்ற உடன்பட்டார். விளம்பரமே இல்லாத பி.பி.சி., அவரை நிகழ்ச்சியிலிருந்து விலக்கிற்று. நாட்டின் தலையாய தோட்டக்காரரை நீக்குவதா என்று வருந்தினோர் உண்டு. நான் நிறுவனத்தின் பக்கம் நிற்கிறேன். ஒரு மனிதர் திங்கட்கிழமை காசு வாங்கிக்கொண்டு ஒரு புட்டியைப் புகழ்வார், வெள்ளிக்கிழமை காசு வாங்காமல் அதே புட்டியைப் பரிந்துரைப்பார் என்றால், பார்ப்பவன் எந்தச் சொல்லை நம்புவான்? வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியன், வாசலில் துணைநூல் விற்கும் கடையும் வைத்திருப்பது போன்றதல்லவா அது!

அவருக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து, 1979 இல், ஜெப் ஆமில்டன் வந்தார். இவரிடத்தில் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் தோட்ட நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று பார்வையாளர் சண்டையிடும்போதெல்லாம், இரு தரப்பாரும் சான்றுக்கு இழுப்பது இவரைத்தான். ரட்லண்டு மாவட்டத்தில் பார்ன்சுடேல் எனும் இடத்தில் தோட்டம் அமைத்து, 1996 இல் இறக்கும்வரை அங்கிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார். கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். பழைய மரச்சட்டத்தைக் கொண்டு நாற்றுப்பெட்டி செய்து காட்டுவார். பாறை வேண்டுமா, மலையை உடைக்காதீர், தென்னை நார்த்தூளையும் சிமிட்டியையும் மணலையும் கலந்து நீங்களே வார்த்துக்கொள்ளுங்கள் என்பார். தொடக்கத்தில் மருந்துகளைப் பயன்படுத்தியவர், தம் பாத்தியிலேயே ஆய்ந்து பார்த்து, இயற்கை முறைக்கு மாறினார். மாறியதை மறைக்கவுமில்லை.

அவர் 1995 இல் எடுத்த குடில்தோட்டத் தொடரில் ஒரு செயல் செய்தார். பக்கம் பக்கமாக இரண்டு தோட்டங்கள் அமைத்தார். ஒன்றுக்குக் ‘கனவானின் குடில்தோட்டம்’ என்று பெயர். மற்றொன்றுக்குக் ‘கைவினைஞரின் குடில்தோட்டம்’ என்று பெயர். முன்னதில் செலவு தாராளம். பின்னதில் கிடைத்ததைக் கொண்டு, விதையிலிருந்தும் நறுக்கிய கொம்பிலிருந்தும் செடி வளர்த்து, பழைய மரத்தையும் பொறுக்கிய கல்லையும் பயன்படுத்திச் சிக்கனமாக அமைத்தார். பெயர் சூட்டிய துணிவைப் பாருங்கள்! வகுப்பு வேற்றுமை புரையோடிய நாட்டிலே, பூந்தோட்டத்திலும் அது உண்டு என்று ஒளிக்காமல் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்து, எது அழகு என்று நீயே பார் என்று விட்டுவிட்டார். விரிவுரை நிகழ்த்தவில்லை, வேலி கட்டினார், விதை தூவினார், விலை சொன்னார். அந்த விலை சொல்லும் வழக்கம்தான், அவருக்குப் பின் வந்தோரிடம் மெல்ல மெல்ல மறைந்தது என்பது என் கருத்து. பார்வையாளரின் முறையீடுகளில் மிக நேர்மையானது எது என்று கேட்டால், நாய் அன்று, இசை அன்று: ‘இதற்கு எவ்வளவு ஆகும் என்று ஏன் சொல்வதில்லை?’ என்பதுதான்.

ஆமில்டன் மறைந்த மறு ஆண்டு, 1997 இல், இன்னொரு நிகழ்ச்சி வந்தது; தோட்டத்தின் தலையெழுத்தே மாறிற்று. ‘கிரவுண்ட் போர்ஸ்’ என்று பெயர். வீட்டுக்காரரை ஏதேனும் சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட வேண்டியது. இரண்டே நாளில் அவர் கொல்லைப்புறத்தைத் தலைகீழாக்க வேண்டியது. திரும்பி வந்ததும் அவர் வாய்பிளந்து நிற்பதையும் கண்ணீர் விடுவதையும் படம் பிடிக்க வேண்டியது! ஆலன் டிட்சுமார்சு, சார்லி டிம்மாக், டாமி வால்சு என மூவர் இதில் புகழடைந்தனர். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று நெல்சன் மண்டேலாவின் வீட்டிலும் தோட்டம் அமைத்தனர்.

இதனை வரவேற்றோர் கூற்றைக் கேட்போம். தோட்டக்கலை முதியோரின் பொழுதுபோக்கு என்றிருந்த நிலையைத் தகர்த்தது. இளைஞரை, புதிதாய் வீடு பெற்றோரை, செடியின் பெயர் ஒன்றுகூட அறியாதோரை இழுத்து வந்தது. நாற்றுப்பண்ணைக் கடைகளில் கூட்டம் பெருகிற்று. இவை பொய்யல்ல. அறியாதவனை வாசல்வரை அழைத்து வருவதும் ஒரு தொண்டே. ஆனால் வாசலைக் கடந்து உள்ளே வந்தவனுக்கு என்ன கிடைத்தது?

தோட்டம் என்பது காலத்தால் ஆகும் பொருள். விதை முளைக்க வாரம், வேர் பிடிக்கத் திங்கள், மரம் நிழல் தர ஆண்டு. காலத்தை விலக்கிவிட்டுத் தோட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால், வளராத பொருள்களால்தான் காட்ட முடியும். ஆகவே மரப்பலகைத் தளம் வந்தது, சரளைக்கல் வந்தது, நீலச்சாயம் பூசிய வேலி வந்தது, மின்பொறி வைத்துப் பீய்ச்சும் நீரூற்று வந்தது. ஊரெங்கும் பலகைத்தளம் பரவிற்று. பிரிட்டன் மழையில் அது பாசி பிடித்து வழுக்கிற்று! செடியோ, அந்நாடகத்தில் துணைப்பாத்திரம். மூன்றாம் நாள் அது வாடிற்றா வாழ்ந்ததா என்று காட்ட எவரும் திரும்பி வருவதில்லை. ‘இரண்டு நாளில் தோட்டம்’ என்பதைத் தொழில்முறைத் தோட்டக்காரர்கள் எள்ளி நகையாடினர். தம் வாழ்நாள் உழைப்பை மாயவித்தை ஆக்கிவிட்டனரே என்ற வேதனை அந்நகையிலே இருந்தது.

பலகையும் கல்லும் பரவியதற்கு ஒரு நிகழ்ச்சியைக் குற்றம் சாட்டுவது முறையாகாது. வீட்டு முன்புறத்தைக் கல்பாவி மகிழுந்து நிறுத்தும் வழக்கம் அதற்கு முன்பே வளர்ந்து வந்தது. 2007 கோடையில் இங்கிலாந்தில் பெருவெள்ளம் வந்தது. மழைநீர் இறங்க மண் இல்லாத தெருக்களின் கேடு பேசப்பட்டது. 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்புறத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போடுவதென்றால் இசைவு பெற வேண்டும் என்று இங்கிலாந்தில் விதி செய்தனர். அரச தோட்டக்கலைக் கழகம் 2015 இல், சாம்பல் நிறப் பிரிட்டனைப் பச்சையாக்குவோம் என்று இயக்கமே நடத்திற்று. திரையில் கல்லும் பலகையும் கைதட்டல் பெற்ற காலத்துக்கும், தெருவில் மண்ணைத் தேடி இயக்கம் நடத்திய காலத்துக்கும் இடைவெளி இருபது ஆண்டுகூட இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சார்லி டிம்மாக், ஆம்ப்சையரில் நீர்த்தோட்டப் பொருள் விற்கும் நிலையத்தில் பணியாற்றித் தொழில் கற்றவர். குளம் தோண்டவும், நீர்ச்செடி தேரவும், சேற்றில் முழங்கால்வரை இறங்கி ஆணுக்கு நிகராக உழைக்கவும் வல்லவர். அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதித் தீர்த்தது என்ன? அவர் உள்ளாடை அணிந்தாரா இல்லையா என்று! நாகரிகத்தின் உச்சியில் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாடு! குளம் வெட்டும் கையைப் பாராமல், குனியும் உடலைப் பார்த்த கண்கள்! பார்வையாளர் கருத்து என்ற பெயரால் அச்சேறிய குப்பைகளுள் இது முதன்மையானது. பெண் உழைத்தால் உழைப்பைப் பேசு. பேசத் தெரியாவிடில் வாயை மூடு.

பெண்ணுக்குரிய இடம் பற்றி நினைக்கும்போது கேரல் கிளைன் பற்றியும் பேசத் தோன்றுகிறது. ஆசிரியராயிருந்து, பிறகு டெவன் மாவட்டத்தில் நாற்றுப்பண்ணை வைத்து, செடிப்பெருக்கக் கலையில் பேர் பெற்றவர். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் ஒரு சாய்வு உண்டு, ஒப்புகிறேன். ஆனால் அவர் ஒரு கொம்பை நறுக்கி மண்ணில் ஊன்றும்போது, கத்தி எந்தக் கணுவின் கீழ் இறங்க வேண்டும் என்பதை அவர் விரலே சொல்லிவிடும். அது சாய்வால் நான் காண்பதன்று. 2003 முதல் நிகழ்ச்சியை நடத்திவந்த மாண்டி டான், 2008 இல் உடல்நலம் குன்றி விலகியபோது, இடையில் பொறுப்பேற்று நடத்தியவர் கிளைன்தான். நிலையான பொறுப்பு அவருக்கே வரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். வந்ததோ டோபி பக்லண்டு எனும் இளைஞருக்கு. 1968 முதல் அந்த முதன்மை நாற்காலியில் நிலையாக அமர்ந்தவர்களுள் சிலரைப் பாருங்கள். பர்ராசு, த்ரோவர், ஆமில்டன், டிட்சுமார்சு, டான், பக்லண்டு, மீண்டும் டான். பக்கத்தில் நிற்கலாம், பகுதி ஒன்றை நடத்தலாம், ஓய்வெடுக்கும்போது ஈடு செய்யலாம். நாற்காலி மட்டும் கூடாது போலும்!

பக்லண்டு மேல் எனக்கு வருத்தமில்லை. கேம்பிரிட்சுத் தாவரத் தோட்டத்தில் பயின்றவர், தொழில் அறிந்தவர். தீங்கு செய்தது நிகழ்ச்சியை வகுத்தவர்களின் கலக்கம். பர்மிங்காமில் புதுத்தோட்டம், புதுத்தோற்றம், புதுமெருகு, இளையோரை ஈர்க்க வேகம், வேடிக்கை! 2009 இல் இப்புதுக்கோலம் வெளிவந்ததும் பார்வையாளர் பலர் கொதித்தனர். எங்களை மழலைகள் என்றெண்ணினரோ என்றனர். இளைஞர் வந்து சேர்வதற்குள் முதியவர் எழுந்து போயினர். 2011 இல் டான் திரும்பி வந்தார், புதுத்தோட்டம் கைவிடப்பட்டது. என் அகவை இருபதுகளில் இருக்கிறது. ஆகவே துணிந்து சொல்வேன்: இளைஞருக்கென்று அறிவைக் குறைத்துக் கொடுப்பது, இளைஞரை இழிவு செய்வதாகும். விளக்கம் வேண்டும் என்று கேட்டால், வேடிக்கையா கொடுப்பது?

டான் காலத்தைப் பற்றித்தான் கருத்துகள் கடுமையாகப் பிரிகின்றன. எர்போர்டு மாவட்டத்தில் ‘லாங்மெடோ’ என்று பெயரிட்ட தம் சொந்தத் தோட்டத்திலிருந்தே அவர் நிகழ்ச்சியை நடத்தலானார். ஏறத்தாழ இரண்டு ஏக்கர்; பெரும்பகுதி வெறும் புல்வெளியாயிருந்ததை அவரும் துணைவியாரும் 1990 களில் தொடங்கி உருவாக்கியது. பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பட்டமோ, பூங்காப் பயிற்சியோ இல்லாதவர், தாமே கற்றவர். இதைக் குறையாகச் சொல்வோரை நான் ஏற்கேன். ஏட்டில் பெற்ற பட்டமே அறிவுக்கு அளவுகோல் என்றால், உலகின் உழவரெல்லாம் அறிவிலிகளா?

ஆனால் வேறு இரு குறைகள் உண்டு. ஒன்று, நாய். அவருடைய நைஜல் எனும் பொன்னிற நாய் வாயில் பந்துடன் பாதையில் நடப்பதும், பூங்கொத்தின் நடுவே படுப்பதும் அடிக்கடி வரும். நேரம் நாய்க்கா, நாற்றுக்கா என்று கேட்போர் உண்டு. 2020 இல் நைஜல் இறந்தபோது நாடெங்குமிருந்து வந்த இரங்கல் மடல்களை எண்ணினால், அவர்கள் சிறுபான்மையினர் என்று தெரிகிறது. எனக்கும் நாய் பேரில் வழக்கில்லை. பனித்துளியையும் பட்டாம்பூச்சியையும் மெல்ல மெல்லக் காட்டி, பின்னணியில் இழையும் இசையோடு இரண்டு மணித்துளி கழிவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அழகைக் காட்டுவது தவறென்று சொல்லமாட்டேன். அந்த இரண்டு மணித்துளியில் ஒரு கொடிமுந்திரியைக் கவாத்துச் செய்வது எப்படி என்று முழுதாகக் காட்டியிருக்கலாமே என்ற கணக்கு ஆசிரியன் மனத்திலே ஓடுகிறது.

இதற்கு மறுமொழி கூறுவோரும் உளர். அவர்தம் மொழியை எளிதில் ஒதுக்க இயலாது. டான் தம் மனச்சோர்வு நோய் பற்றி மறைக்காமல் எழுதியவர். மண்ணில் கைவைப்பது தம்மை மீட்டது என்று பலமுறை கூறியவர். துணையை இழந்தோர், நோயுற்றோர், தனிமையில் வாழும் முதியோர், வாரத்தில் ஒரு மணிநேரம் அத்தோட்டத்தில் உலவி வருவதே எமக்கு மருந்து என்கின்றனர். அவர்களுக்குச் செடியின் பெயர் வேண்டியதில்லை, பச்சை போதும். அதைப் போய் வீண் என்பதற்கு எனக்கு நா எழவில்லை.

இரண்டாவது குறை பரப்பளவு. இரண்டு ஏக்கர்! வெட்டிய வேலிச்செடிகளால் அறை அறையாகப் பிரித்த தோட்டம். நீர்த்தோட்டம் தனி, காய்த்தோட்டம் தனி, பழத்தோட்டம் தனி. இதனை வாடகைக் குடியிருப்பின் ஒடுங்கிய முற்றத்திலிருந்து பார்ப்பவருக்கு என்ன பயன்? அந்நாட்டில் நிலமற்றோர் பயிரிடுவதற்காக ஊராட்சிகள் குத்தகைப் பாத்தி அளிக்கும் ஏற்பாடு உண்டு. 1908 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிசெய்தது. வழக்கமான பாத்தி ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அதனைப் பெறவும் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்போரும் உரிமக் கட்டணம் கட்டுவோரே! (அந்தக் குத்தகைப் பாத்தியையும் 2014 இல் போட்டி நிகழ்ச்சியாக்கி, யார் முள்ளங்கி அழகு என்று நடுவர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தனர். இரண்டு ஆண்டில் அது ஓய்ந்தது. ஓயட்டும்.)

2020 இல் நோய்ப்பரவலால் படப்பிடிப்புக் குழு பயணம் செய்ய இயலாமற்போயிற்று. வேறு வழியின்றி, பார்வையாளரே தம் தோட்டத்தைத் தம் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புமாறு கேட்டனர். வந்து குவிந்தன! மாடி முகப்பில் தக்காளி வளர்ப்போர், சன்னல் ஓரத்தில் கீரை விதைத்தோர், கல்பாவிய முற்றத்தில் தொட்டி அடுக்கியோர், குழந்தைகள், ஓய்வு பெற்றோர் என்று, அதுவரை திரைமுன் இருந்தவரெல்லாம் திரையினுள் வந்தனர். படம் ஆடிற்று, ஒலி தெளிவில்லை, இசையும் இல்லை. ஆயினும் அந்நிகழ்ச்சியின் வரலாற்றில் ஆமில்டனின் கைவினைஞர் தோட்டத்துக்குப் பிறகு நேர்ந்த நற்செயல் அதுவே என்பேன். திட்டமிட்டுச் செய்ததன்று, நெருக்கடி செய்ய வைத்தது. நிகழ்ச்சி எத்திசையில் செல்ல வேண்டும் என்று பார்வையாளர் ஐம்பதாண்டுகளாகக் கடிதத்தில் எழுதிவந்ததற்கு, அப்படங்களே விடை காட்டின.

ஒப்பிட்டுப் பார்க்க வடக்கே செல்லலாம். சுகாட்லாந்தின் அபர்டீன் நகரில் 1978 இல் தொடங்கிய ‘பீச்குரோவ்’ நிகழ்ச்சியில் நாற்பதாண்டு காலம் தோன்றிய ஜிம் மெக்கால், கடுங்குளிர் நாட்டில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதைச் செய்து பார்த்துச் சொன்னவர். தெற்கத்தியார் தோட்டத்தைப் பார்த்து விதைத்தால் எங்கள் பனியில் எல்லாம் கருகும் என்று சொல்லும் வடபுலத்தாருக்கு அது சொந்த நிகழ்ச்சியாயிற்று. விதைத்து, விளையாமற்போனால், விளையவில்லை என்றே காட்டினர். தேறாத நாற்றைக் காட்டும் துணிவு, தேர்ந்த மலரைக் காட்டும் திறனைவிட அரியது.

இறுதியாக ஒரு பொருள். இதிலே நம் மண்ணும் கலந்திருக்கிறது. பிரிட்டனில் நாற்று வளர்க்க நெடுங்காலமாகப் பயன்பட்டது ‘பீட்’ எனும் சதுப்புநிலக் கரிமண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே சேரும் அம்மண்ணைப் பையில் அடைத்து விற்றனர். சதுப்பு அழிந்தது, அதில் அடங்கியிருந்த கரி காற்றில் கலந்தது. ஆமில்டன் அதனைக் கைவிடச் சொன்னார். டான் அதனையே வற்புறுத்தினார். 2020 க்குள் தோட்டக்காரர்கள் தாமாகவே விட்டுவிடுவர் என்று 2011 இல் அரசு குறி வைத்தது, நடக்கவில்லை. 2024 க்குள் தடை என்று இங்கிலாந்துக்கு 2022 இல் அறிவித்தது. சட்டமின்றியே அவ்வாண்டும் கழிந்தது. பார்வையாளரிலோ ஒரு சாரார் டானுக்கு நன்றி கூறினர்; மற்றொரு சாரார், மாற்று மண்ணில் எங்கள் நாற்று மஞ்சளித்துச் சாகிறதே, உபதேசம் வேண்டா, வழி சொல் என்றனர். அக்கேள்வி நேர்மையானது, மாற்று மண்ணுக்கு நீரும் ஊட்டமும் வேறு அளவில் வேண்டும், அதை வாரந்தோறும் செய்து காட்டியிருக்க வேண்டும்.

அந்த மாற்று மண்ணில் சேரும் பொருள்களுள் ஒன்று எது? தென்னை நார்த்தூள்! பொள்ளாச்சி வட்டாரத்திலும் கேரளத்திலும் இலங்கையிலும் தேங்காய் மட்டையை அடித்து நாரெடுத்தபின் குவியும் தூள். அதிலுள்ள உப்பு நீங்க நீர் விட்டுக் கழுவுகின்றனர், உலர்த்துகின்றனர், செங்கல் போல் அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகின்றனர். கழுவிய நீர் செம்மை பாய்ந்து நிலத்தில் இறங்குகிறது, கிணற்று நீர் கெடுகிறது என்ற முறையீடு பொள்ளாச்சிப் பக்கமும் காங்கேயம் பக்கமும் எழுந்திருக்கிறது. அத்தொழிலால் வாழும் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் உள. அயர்லாந்துச் சதுப்பைக் காக்க அமராவதிக் கரையின் நீர் விலையா, அல்லது கழுவும் நீரைத் தேக்கித் தூய்மை செய்ய வழியுண்டா, அவ்வழிக்கு ஆகும் செலவைப் பையின் விலையில் சேர்க்க எர்போர்டுத் தோட்டக்காரர் இசைவரா? நான் கண்ட பகுதிகளில் நார்த்தூள் கட்டியை வாளியில் போட்டு, வெந்நீர் ஊற்றி, அது பொங்கிப் பெருகுவதை வியந்து காட்டுகின்றனர். எங்கிருந்து வந்தது என்ற சொல்லைக் கேட்டேனில்லை. கடிதம் எழுதுவதில் சளைக்காத அந்நாட்டுப் பார்வையாளர்கள், நாய்க்கும் இசைக்கும் செலவிட்ட மையில் ஒரு துளியை இதற்கும் செலவிட்டு, அந்த வாளியின் மறுமுனை எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமையாவது காட்டச் சொல்லிக் கேட்கலாம்.